ஆற்றுக்குள் தண்ணீர் வந்தால் அதற்குப் பெயர் என்ன?

அன்புள்ள திவ்யாவுக்கு,

உன்னை வழியனுப்ப நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. செகந்திராபாத் ஸ்டேஷனில் தலை நரைக்கும் வரை மைக் பிடித்தவன், ஊரார் வீட்டுப் பிள்ளைகள் ஏறிய வண்டிகளை எல்லாம் மூன்று மொழியில் சொல்லி அனுப்பியவன், சொந்த மகள் கோதாவரிப் பக்கம் முதல் வேலைக்குக் கிளம்பும் நாளில் வீட்டில் ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்ததும் உன் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "வண்டி நகர்ற வரைக்கும் கதவுல நின்னுக்கினு மேம்பாலப் படியையே பாத்துக்கினு இருந்தா. நீங்க வருவீங்கன்னுதான்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். மெதுவாகவே படி. வேகமாகப் படித்தால் என் கோபம் மட்டும்தான் உன் கண்ணுக்குத் தெரியும்.

நம் சண்டை எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டில். வெள்ளம் வடிந்த பிறகு நம் தெருவுக்கு வந்துபோன அந்த அதிகாரியை நான் வழக்கம்போலத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மா அப்பளம் பொரித்துக் கொண்டுவந்து வைத்தாள். நீ அப்பளத்தை உடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாய்: "அப்பா, ரூல்படி பாத்தா அவர் சொன்னது கரெக்ட்தான். நம்ம தெரு ரிவர் பெட்ல வருது. ரிவர் பெட்ல தண்ணி வந்தா அதை ஃப்ளட்னு நோட்டிஃபை பண்ண முடியாது." நான் சாப்பிட்ட கையோடு எழுந்து போய்விட்டேன். நீ சொன்னது தப்பான தகவல் என்பதால் கோபம் வரவில்லை. அதே வாக்கியத்தை நம் வீட்டு வாசலில் வண்டியில் உட்கார்ந்தபடி ஒருவன் தெலுங்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதை என் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே, என் மகள் வாயால், தமிழில் மறுபடி கேட்டேன். அதுதான் தாங்கவில்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று சொல்வார்களே, அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் சர்க்கார் சோறு தின்றவன்தான். லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் உன் தாத்தா ஃபிட்டர், நான் ஸ்டேஷனில் அறிவிப்பாளன், இப்போது நீ டெபுடி தாசில்தார். மூன்று தலைமுறையாக அரசாங்கத்தின் உப்பு. அதனால் அரசாங்கம் என்றாலே அயோக்கியத்தனம் என்று டீக்கடையில் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ரயில் தாமதமாக வரும். சிக்னல் கோளாறு, பாதையில் மாடு, மேலே மழை, ஆயிரம் காரணம். அதற்காக யாரும் என்னை அடிக்க வந்ததில்லை. சொல்லாமல் தாமதமாக வந்த நாட்களில்தான் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு வருவார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்று, "எப்ப வரும்னு தெரியலன்னா, தெரியலன்னாவது சொல்லுங்களேன்" என்று ஒருமுறை கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அன்றிலிருந்து தெரியாவிட்டாலும் மைக்கைப் போட்டுத் தெரியவில்லை என்றே சொன்னேன். மேலே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பயணிகளுக்குப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு அறிவிப்பின் முடிவிலும் தெலுங்கில் ஒரு வரி வரும்: "அசௌகர்யானிகி சிந்திஸ்துன்னாமு." சின்ன வயதில் நீ என் மடியில் உட்கார்ந்து அதையே சொல்லிச் சொல்லி விளையாடுவாய். தமிழ்க் காதுக்கு அது சிந்திக்கிறோம் என்று கேட்கும். தெலுங்கில் அதற்கு வருந்துகிறோம் என்று அர்த்தம். பத்து நிமிஷம் தாமதமான பாசஞ்சர் வண்டிக்கு நாங்கள் மூன்று மொழியில் வருந்தினோம். ஒரு ஆற்றையே தெருவுக்குள் விட்டவர்கள் தமிழ் அர்த்தத்திலும் சிந்திக்கவில்லை, தெலுங்கு அர்த்தத்திலும் சிந்திக்கவில்லை.

மொழி என்றதும் உன் அம்மாவின் வரதர் கதை ஞாபகம் வருகிறது. நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. கல்யாணமாகி ஜோலார்பேட்டையிலிருந்து அவளை அழைத்து வந்த புதிது. மல்காஜ்கிரியில் ஒரு ரூம் எடுத்திருந்தோம். தெலுங்கில் அவளுக்குத் தண்ணீருக்கான "நீள்ளு" என்ற ஒரு சொல்தான் தெரியும், அதுவும் குழாயடியில் கற்றது. மழைக்காலத்தில் ஒருநாள் நான் டியூட்டிக்குப் போயிருந்தபோது தெருவில் மைக் கட்டிய ஆட்டோ வந்திருக்கிறது. "வரதலு வஸ்துன்னாயி, ஜாக்ரத்த" என்று கத்திக்கொண்டே போயிருக்கிறார்கள். ஏரி உடைத்துக்கொண்டது, வெள்ளம் வருகிறது, ஜாக்கிரதை என்று அர்த்தம். தெலுங்கில் வரத என்றால் வெள்ளம். உன் அம்மாவுக்குத் தெரிந்த வரதர் காஞ்சிபுரத்தில் இருக்கிறார். சாமி புறப்பாடு என்று நினைத்துவிட்டாள். வாசலைத் தெளித்து, கோலம் போட்டு, தட்டில் தேங்காயும் கற்பூரமும் வைத்துக்கொண்டு படியில் நின்றிருக்கிறாள். எதிர்வீட்டார் சாமான்களை மேலே ஏற்றுவதைப் பார்த்து, சாமி வருகிற நேரத்தில் இவர்கள் எதற்கு வீட்டை ஒழிக்கிறார்கள் என்று யோசித்தாளாம். சாமி வரவில்லை, சாக்கடையோடு கலந்த தண்ணீர் முழங்கால் மட்டத்துக்கு வந்து கோலத்தையும் எடுத்துக்கொண்டு போயிற்று. இன்றைக்கும் யாராவது அவளைச் சீண்டினால், "வரம் கொடுக்கிறவர் பேரை எடுத்து வெள்ளத்துக்கு வெச்சது உங்க ஊர்க்காரங்க, நானா?" என்பாள். சிரித்தாயிற்று. ஆனால் ஒன்றைக் கவனி. அன்றைக்குத் தண்ணீருக்கு முன்னால் ஆட்டோ வந்தது. புரியாவிட்டாலும் ஒருவன் வந்து சொன்னான்.

பிறகுதான் மூசி ஆற்றுப் பக்கம் வந்தோம். பிஎஃப் பணத்தில், மூசாராம்பாக் பாலத்துக்குக் கீழே, இரண்டு அறையும் மேலே ஒரு மொட்டை மாடியும். அப்போது அந்தத் தெருவில் சாலை போட்டிருந்தார்கள், கரண்ட் கம்பம் நட்டிருந்தார்கள், பத்திரத்தில் சர்க்கார் முத்திரை இருந்தது. வீட்டு வரி வாங்கிக்கொண்டார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் யாரும் வழி தெரியாமல் திண்டாடியதில்லை. ஆறு எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அது அந்தப் பக்கம் கறுப்பாக, நாற்றத்தோடு, ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆற்றுக்குள் வீடு வாங்குகிறாய் என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை. சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டில் லட்சுமம்மா. போவன்பள்ளி மார்க்கெட்டில் காய்கறி எடுத்துத் தள்ளுவண்டியில் விற்பவள். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நீ பரீட்சைக்குப் படித்த காலத்தில் அவள் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். பாஸானதும் நீ முதலில் இனிப்புக் கொடுத்தது அவளுக்குத்தான்.

இந்த வெள்ளம் வந்த காலை நீ பயிற்சியில் இருந்தாய். இரண்டு நாளாக ஆற்றின் மேல்பக்கம் நல்ல மழை. ஏரிகளின் கதவைத் திறந்திருக்கிறார்கள். திறக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கரை தாங்காது, அதில் எனக்குச் சண்டை இல்லை. திறக்கிறோம் என்று கீழே இருக்கிறவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அம்மா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். கழிப்பறையிலிருந்து முதலில் தண்ணீர் பொங்கியது. அடைப்பு என்று நினைத்து நான் குச்சியைத் தேடினேன். குச்சியோடு திரும்புவதற்குள் வாசல் வழியாகவும் வந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து என் காலில் இடித்தது. உன் அம்மாவுக்கு முட்டிவலி, மாடிப்படி ஏற முடியாது என்று உனக்குத் தெரியும். நான் அவள் கையைப் பிடித்து இழுக்கிறேன், அவள் இட்லிப் பாத்திரத்தை விடமாட்டேன் என்கிறாள். அப்போதுதான் லட்சுமம்மா தன் வீட்டை அப்படியே விட்டுவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் வந்தாள். "அக்கா, பைகி எக்கு, பைகி எக்கு" என்று பின்னால் இருந்து தள்ளி, கிட்டத்தட்டத் தூக்கியே மாடிக்கு ஏற்றிவிட்டாள். ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவளுடைய தள்ளுவண்டி, அன்றைக்குக் காலை எடுத்துவந்த தக்காளியும் கத்தரிக்காயுமாகத் தெருமுனை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. "போயிந்தி" என்று மட்டும் சொன்னாள்.

அன்று முழுக்கவும் அடுத்த நாள் மத்தியானம் வரையிலும் மூன்று பேரும் மாடியில், ஒரு தார்ப்பாயின் கீழே. தண்ணீர் வடிந்த பிறகு, அன்றைக்குச் சாயங்காலம், தெருமுனையில் மைக் சத்தம் கேட்டது. வரத வருகிறது, தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள் என்று அறிவிப்பு. தெருவில் சேற்றை வாரிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. இது என் தொழில், பாப்பா. இறங்கிப் போய் ஆட்டோக்காரரை நிறுத்தி, இதை நேற்றைக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "நக்கோ பூச்சோ சாப். கல் பெட்ரோல் இச் நை தியே" என்றார். கேட்காதீங்க சார், நேற்று பெட்ரோலே தரவில்லை. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே அந்த நமஸ்காரத்துக்கும் பெட்ரோல் சாங்ஷனாகி வரவேண்டியிருந்தது.

பெரிய மனிதர் ஒருவர் பாலத்தின் மேல் வந்து நின்றார், கேமராக்காரர்கள் சொன்ன பக்கம் பார்த்தார், போனார். பாலத்திலிருந்து பார்த்தால் நம் தெரு தெரியும், நம் முகம் தெரியாது. பிறகு வேன் வந்தது. வேன் எதுவரை வருமோ அதுவரைக்கும்தான் பொட்டலம். புளிஹோரா பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த படத்தில் தலைவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். படத்தைப் பிரித்தால்தான் சோறு தெரிந்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றாலும் வாங்கிக்கொண்டோம். பசித்தவனுக்கு ரோஷம் சரிப்படாது.

அதன் பிறகுதான் அந்த அதிகாரி. உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவ்வளவுதான். வண்டியின் கண்ணாடியைப் பாதி இறக்கினார். கதவைத் திறக்கவில்லை, சேறு. தெருவே கூடி நின்றது. நான் ரிடையர்டு ரயில்வே என்பதால் பேசுகிற பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டார்கள். சுவரில் சேறு ஏறியிருந்த உயரத்தைக் காட்டினேன். ஜன்னலுக்கு மேலா கீழா என்று கேட்டார். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன, ஆனாலும் மேல் என்றுதான் சொன்னேன். அவர் மடியில் வைத்திருந்த டேப்லெட்டில் எதையோ தேய்த்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார்: "நதிலோ நீள்ளு வஸ்தே வரத அண்டாரா சார்? அதி நதி." ஆற்றுக்குள் தண்ணீர் வந்தால் அதை வெள்ளம் என்பார்களா, அது ஆறு. வெள்ளம் என்று எழுத முடியாது, வெள்ளம் என்று எழுதாவிட்டால் நிவாரணம் கிடையாது. கண்ணாடி மேலே ஏறியது. லட்சுமம்மா என்னைப் பார்த்து, நாம் இவ்வளவு நாள் ஆற்றுக்குள்தான் குடியிருந்தோமா என்று கேட்டாள். வரி கட்டும்போது தெருவில் குடியிருந்தோம், தண்ணீர் வந்தபோது ஆற்றில் குடியிருந்தோம் என்றேன்.

இன்னும் கேள். நிவாரணம் வரவில்லை, ஒரு பலகை வந்தது. நல்ல இரும்புப் பலகை, சிவப்பு எழுத்து. ரெண்டு பேர் வந்து தெருமுனையில் குழி தோண்டி, சிமெண்ட் போட்டு நட்டுவிட்டுப் போனார்கள். வெள்ள அபாயப் பகுதி என்று தெலுங்கிலும் உருதுவிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. பயமுறுத்தும்போது அவர்களுக்கு அந்தச் சொல் தெரிகிறது, கொடுக்கும்போது மறந்துவிடுகிறது. இதைத்தான் உன்னிடம் அன்று மத்தியானம் சொல்ல நினைத்தேன். சொல்லத் தெரியாமல் எழுந்து போனேன்.

நீ சொன்ன ரூல் இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆற்றுப் படுகையில் வீடு கட்டக்கூடாது என்பது நல்ல ரூல். விற்றவனையும், முத்திரை குத்தியவனையும், கம்பம் நட்டவனையும் அது ஒன்றும் செய்யவில்லை, கடைசியில் குடியிருந்தவன் தலையில் மட்டும் வந்து விழுந்தது. நீ ராத்திரி பகலாக அந்தப் புத்தகங்களைப் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. பெருமையாக இருந்தது எனக்கு, இப்போதும் இருக்கிறது. ஆனால் பாப்பா, வேலையில் சேர்வதற்கு முன்னாலேயே நீ கண்ணாடியைப் பாதி இறக்கிப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாயோ என்று பயந்துவிட்டேன். இவ்வளவுதான் என் கோபம். ஸ்டேஷனுக்கு வந்திருந்தால் கூட்டத்தில் நின்று இதையே கத்தியிருப்பேன். வராமல் இருந்தது நல்லது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், உன் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

இது வரைக்கும் உனக்குத் தெரிந்த கதை. நீ போன பிறகு நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முந்தாநாள் காலை அதே வண்டி வந்தது. இந்த முறை கதவு திறந்தது. அதே அதிகாரி இறங்கி, செருப்பை வெளியே விட்டு, "நமஸ்தே சார்" என்று உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார்: "மேடம் போன் சேசாரு. முந்தே செப்பொச்சு கதா சார்." மேடம் போன் செய்தார்களாம், உங்கள் மகள் டிபார்ட்மெண்ட் என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றார். பிறகு சுவரில் இருந்த சேற்றுக் கோட்டைப் படம் எடுத்தார். ஜன்னலுக்கு மேலா கீழா என்று கேட்கவில்லை. டேப்லெட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார். பார்த்தேன். வரத என்று எழுதியிருந்தது. போன தடவை அவர் விரலுக்கு வராத சொல்.

உண்மையைச் சொல்கிறேன், மேடம் என்று அவர் சொன்னது உன்னை என்று புரிந்ததும் எனக்கு முதலில் கோபம் வரவில்லை. சண்டை போட்டுவிட்டு, வழியனுப்பக்கூட வராத அப்பனுக்காக, போன இடத்தில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் என் மகள் போன் செய்திருக்கிறாள். சுவர் ஈரம் காயாமல் அம்மா இரவெல்லாம் இருமுகிறாள் என்று நீ கவலைப்பட்டிருப்பாய். பாசம் இல்லாமல் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். அதை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் வாசலில் லட்சுமம்மா நின்றுகொண்டிருந்தாள். வண்டி நின்றதைப் பார்த்து, தெருவுக்கே ஏதோ வந்திருக்கிறது என்று ஈரக் கோணிகளைக் கையில் பிடித்தபடியே வந்துவிட்டாள். நான் அதிகாரியிடம், பக்கத்து வீட்டையும் பார்த்துவிடுங்கள் என்றேன். அவர் தர்மசங்கடமாகச் சிரித்து, "அதி நதி கதா சார்" என்றார். அது ஆறாச்சே. நடுவில் இருப்பது ஒரே சுவர், திவ்யா. அந்தச் சுவரின் இந்தப் பக்கம் ஏறிய சேறு வெள்ளம், அந்தப் பக்கம் ஏறிய சேறு ஆறு. நான் சுவரைத் தட்டிக் காட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். லட்சுமம்மாதான் பேசினாள். கேலி எதுவும் இல்லை, மனசாரவே சொன்னாள்: "மீகன்னா ஒச்சிந்தி கதா சார், மஞ்சிதே." உங்களுக்காவது வந்ததே, நல்லதுதான். சொல்லிவிட்டுக் கோணிகளை உதறப் போய்விட்டாள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பெருமை ஓடிப்போய்விட்டது. பீரோ வீங்கிக் கதவு மூடவில்லை, ஃபிரிட்ஜ் குப்பைக்குப் போயிற்று, பாய் மேல் பாய் போட்டுப் படுக்கிறோம். நமக்கும் அது வேண்டியிருக்கிறது. அதிகாரி போன பிறகு அவள் டீ போடப் போனாள். டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னை ஏசப்போகிறாள் என்று நான் தயாராக இருந்தபோது, வேறு ஒன்றைக் கேட்டாள். "நமக்கு அவ போன் பண்ணா, எழுதிக்கினு போக ஆள் வந்துச்சு. அவ அங்க ஆத்தங்கரையில யாருக்கு எழுதுவா? போன் பண்றவங்களுக்கா?" அந்தக் கேள்வியை உனக்கு எழுதிவிடு என்று அவள் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

அந்த அதிகாரிக்கு இன்னொரு முறை போன் செய். எங்களுக்காகப் பேசியது போதும். தெருவில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஒரே சொல்லை எழுதச் சொல். ரூல் இடம் கொடுக்காது என்று அவர் சொன்னால், எங்கள் வீட்டுக்கு எந்த ரூலில் இடம் கொடுத்தார் என்று கேள். நீயும் அவரும் ஒரே புத்தகம் படித்தவர்கள், உன் கேள்வியை அவரால் தட்டமுடியாது. அதற்கும் வழி இல்லை என்றால் எங்கள் பெயரையும் எடுத்துவிடச் சொல்லிவிடு. நான் சும்மா இருக்கப்போவதில்லை. திங்கட்கிழமை மனு வாங்குகிற நாளில் தெரு மொத்தமும் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். மனுவைத் தெலுங்கில் நான்தான் எழுதினேன், உள்ளே மைக் தருவார்களா தெரியாது, தராவிட்டாலும் எனக்குக் குரல் இருக்கிறது. லட்சுமம்மாவும் வருகிறாள். உன் அம்மா முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு நானும் வருவேன் என்கிறாள்.

உங்கள் பக்கமும் மழை பிடித்துவிட்டது, கோதாவரி ஏறுகிறது என்று இன்று செய்தியில் சொன்னார்கள். இனி உன் போன் ஓயாமல் அடிக்கும். ஆளாளுக்குத் தங்கள் அப்பாவுக்காகவும், மாமாவுக்காகவும், தெரிந்தவருக்குத் தெரிந்தவருக்காகவும் பேசுவார்கள். எல்லாரிடமும் பொறுமையாகப் பேசு, அவர்களும் பாசத்தில்தான் பேசுவார்கள். பேசி முடித்துவிட்டு, இதுவரைக்கும் ஒரு போனும் வராத தெரு எது என்று கேட்டு, முதலில் அங்கே போ.

உன் அப்பா